இஞ்சினுக்குப் போட்ட மாலை

"டென்சில், போன்! உன் தங்கச்சி. பின்னாடி யாரோ அழுவுறாங்க!" என்று பக்கத்து பேக்கரிக்காரர் கத்தியபோது நான் ஒரு மாருதியின் அடியில் படுத்து ரிவர்ஸ் ஹார்ன் மாட்டிக்கொண்டிருந்தேன். விவேக் நகரில் பின்னோக்கி வரும் கார்களில் பாதி என் தயவில்தான் பாட்டுப் பாடும். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்த தாய்மார்கள் எனக்காக மாதாவிடம் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

ரிசீவரைக் காதில் வைத்தேன். யாரும் அழவில்லை. ஏதோ ஒன்று மூச்சு விடாமல் ஒரே சுருதியில் அலறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கேக்குதா? மோட்டார் படகுதான். சாவியத் திருப்பினாலே இப்படிக் கத்துது. மூணு மணிக்கு ஆபீசர் வர்றாரு. உடனே வா."

"ஐரின், நான் கத்த வைக்கிறவன்டி. நிறுத்துறவன் இல்ல."

"கத்த வைக்கத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தத் தெரியாதா? வா!"

ஹெப்பகோடி தாண்டி ஓர் ஏரியில் கோவிந்தப்பா என்பவர் படகுச் சவாரி நடத்திவந்தார். ஐரின் அங்கே டிக்கெட் கிழிப்பவள். மிதி படகுகளுக்கு நடுவே அந்த ஆண்டு ஒரு மோட்டார் படகு வந்து சேர்ந்தது. "நான் ஓட்டறேன்" என்றாள் ஐரின். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களையே ஏற்றிக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். இனி வேண்டியது அதிகாரியின் முன் ஒரு பரீட்சை, அவருடைய கையெழுத்து. இன்று தவறினால் மல்பே துறைமுகத்திலிருந்து ஓர் ஆளை வரவழைப்பதாகக் கோவிந்தப்பா சொல்லிவிட்டார். பிறகு என் தங்கை மறுபடியும் டிக்கெட் கூண்டுக்குள்தான்.

டிவிஎஸ் ஐம்பதை விரட்டினேன். ஆயுத பூஜை முடிந்த கையோடு ஓசூர் ரோட்டு லாரிகள் எல்லாம் வாழைக்கன்று கட்டிய மாப்பிள்ளைகளாக வந்துகொண்டிருந்தன. உடைத்த பூசணிக்காய்களின் மேல் என் வண்டி நாட்டியம் ஆடியது.

படித்துறையில் கோவிந்தப்பா காதில் பஞ்சோடு நின்றார்.

"ஏனப்பா டென்சில், இது நீ வித்த சரக்கா? அதே மாதிரி கத்துது!"

"அண்ணா, என் ஹார்ன் பாட்டுப் பாடும். இது ஒப்பாரி."

படகின் பின்புறம் தொங்கிய இஞ்சினின் மூடியைத் தூக்கினேன். இஞ்சின் தெரியவில்லை. சந்தனம், குங்குமம், உள்ளே ஒரு சாமந்திச் சரம். வெளியே, கழுத்துப் பக்கம், ஒரு எம்.எல்.ஏ.வுக்குப் போடுகிற அளவுக்கு மாலை.

"மூளைக்கும் வெச்சேன். அதுதானே முக்கியம்?" என்றார் கோவிந்தப்பா பெருமையாக.

சரத்தை எடுக்கக் கையை நீட்டினேன்.

"பேடா, வேண்டாம்பா! பூஜைப் பூ. தானா வாடட்டும்."

நான் வாதாடவில்லை. பூஜையன்று என் கடையிலும் குறடுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் வைத்திருக்கிறேன். காலண்டரிலிருந்த குழந்தை இயேசு பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பூவை விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

விஷயம் எளிது. இஞ்சின் தலையில் ஒரு சென்சார் திருகியிருக்கும். சூடு மிஞ்சினால் அது ஹார்ன் ஒயரை இஞ்சின் உடம்போடு சேர்த்துவிடும், ஹார்ன் கத்தும். இந்த இஞ்சினோ இன்னும் ஸ்டார்ட்டே ஆகவில்லை. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

"சென்சார் போச்சு. நூத்துக்கு நூறு" என்று அறிவித்துவிட்டு அதன் ஒயரைக் கழற்றினேன். "இப்ப திருப்பு."

பீஈஈஈஈ.

"அப்ப ஹார்னே போச்சு. சத்தியமா." ஹார்ன் பக்கத்து ஒயரைப் பிடுங்கினேன். அமைதி. மாட்டினேன். பீஈஈஈஈ. ஹார்ன் பாவம், சொன்னதைச் செய்கிறது.

"அண்ணா," என்றாள் ஐரின் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் எத்தன சத்தியம் வெச்சிருக்க?"

அந்த நேரம் பார்த்து மண்சாலையில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நேரத்துக்கு முன்பே வருகிற ஓர் அரசு அதிகாரியை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். குறடை எடுத்தேன்.

"இந்த ஒயர வெட்டிடறேன். சார் போனதும் ஒட்டிக்கலாம்."

ஐரின் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி.

"வெட்டின, உன்ன ஏரியில தள்ளிடுவேன். நடுத் தண்ணில, குழந்தைங்கள வெச்சிக்கிட்டு இருக்கறப்ப சூடானா எனக்கு யாரு சொல்லுவா? நீயா?"

"கரையிலேர்ந்து கத்துவேன்."

"நீ சொல்றது எது சரியா இருந்திருக்கு? ஒயர் எங்க போவுதுன்னு பாரு."

இரண்டு முனையிலும் குற்றம் இல்லையென்றால் நடுவில்தான் இருக்க வேண்டும். இது மூன்றாம் வகுப்புக் கணக்கு. என் தங்கை சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ஒயரின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். ஹார்ன், ஒரு வளைவு, ஒரு கிளிப், பிறகு விரல் சாமந்திக்கு அடியில் போய் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அங்கே ஒயரில் ஒரு இணைப்பு, மேலுறை நழுவிய பித்தளை. அதன்மேல் சொகுசாகச் சாய்ந்திருந்தது சரம் கட்டிய மெல்லிய செம்புக் கம்பி. கம்பியின் மறுமுனை இஞ்சின் போல்ட்டில் இரண்டு சுற்று.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க," என்றேன் கோவிந்தப்பாவிடம். "கத்தறது உங்க பூ."

அவர் எட்டிப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "தப்பாயித்து தேவரே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரத்தைத் தம் கையாலேயே அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இணைப்பின் மேல் உறையை இழுத்துவிட்டு, டேப் சுற்றி, சென்சார் ஒயரைத் திரும்ப மாட்டினேன்.

ஐரின் சாவியைத் திருப்பினாள்.

தவளைச் சத்தம் கேட்டது! நாணலில் காற்று கேட்டது! நான் குதித்த குதியில் படகு ஆட, கோவிந்தப்பா என் சட்டையைப் பிடித்திராவிட்டால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எதற்கும் இருக்கட்டும் என்று வெளி மாலையையும் கழற்றிக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் நடந்தேன்.

"ஏய், பூஜை மாலையக் குப்பையிலயா போடுவ? தண்ணில விடு!" என்று கோவிந்தப்பா அதட்டினார்.

அதுவும் நியாயம்தானே. படித்துறையோரம் மாலையைப் பக்தியோடு மிதக்கவிட்டேன். என் பங்குக்கு ஒரு சிலுவையும் போட்டேன்.

அதிகாரி சீனிவாசராகவன், நெற்றியில் நாமமும் வயிற்றில் எட்டாத லைஃப் ஜாக்கெட்டுமாகப் படகில் உட்கார்ந்தார். "ஓட்றது யாரும்மா?"

"நான்தான் சார்."

இஞ்சின் உறுமியது. அதன் பின்புறத்தில், சின்னக் குழந்தை ஒன்றுக்குப் போவதுபோல, ஒரு நீர்த்தாரை. ஏரித் தண்ணீரைக் கீழே உறிஞ்சிச் சூட்டைத் தணித்து இப்படி வெளியே விடும். அது வரும்வரை இஞ்சின் சௌக்கியம் என்று ஐரின் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். படகு வெள்ளை வால் இழுத்துக்கொண்டு புறப்பட்டது. ஏரிக்குள் நட்டிருந்த முதல் கொடிக் கம்பத்தைச் சுற்றியது. இரண்டாவதையும் என்ன அழகாகச் சுற்றினாள்! கைதட்டினேன், விசில் அடித்தேன், முன்பின் தெரியாத ஒரு கடலைக்காரரைக் கட்டிப்பிடித்தேன்.

நடு ஏரியில், பீஈஈஈஈ.

பாழாய்ப்போன டேப் கழன்றுவிட்டது! "நிறுத்தாதே!" என்று கத்தினேன். "அது பொய்யி! சும்மா கத்துது! போயிட்டே இரு!" கோவிந்தப்பாவும் சேர்ந்து கத்தினார். கடலைக்காரரும் கத்தினார்.

ஐரின் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். இஞ்சினை நிறுத்தினாள்.

அவ்வளவுதான். படித்துறையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். மல்பே ஆள் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவதே கண்ணுக்குத் தெரிந்தது.

விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் இஞ்சினின் பின்புறம் குனிந்தாள். நீர்த்தாரை இல்லை. இஞ்சினை அப்படியே சாய்த்து மேலே தூக்கினாள். கையைவிட்டு எதையோ இழுத்தாள். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. மஞ்சளாக, நீளமாக, ஈரமாக. ஏரியையே சுற்றிப்பார்த்துவிட்டு நடுவில் போய்க் காத்திருந்த என் மாலை, உறிஞ்சும் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்திலும் நான் அதை அடையாளம் கண்டேன். அதுவும் என்னைக் கண்டிருக்கும்.

சூடு ஆறும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்தாள். தாரை பீய்ச்சியது. ஹார்ன் வாயே திறக்கவில்லை.

கரையில் இறங்கிய அதிகாரி பேனாவைத் திறந்தார். "ஓட்றதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். சத்தம் கேட்டா நிறுத்தறதுக்குத்தான் ஆளே இல்ல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்தார். "அது சரி, நிறுத்தாதேன்னு ஒருத்தர் கத்தினாரே, யார் அவர்?"

கோவிந்தப்பா ஆகாயத்தைப் பார்த்தார். கடலைக்காரர் கடலையைப் பார்த்தார்.

"ஹார்ன் விக்கறவர் சார்," என்றாள் ஐரின். "பழக்க தோஷம்."

ஜீப் மறைந்ததும் சொட்டச் சொட்ட அந்த மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏரித் தண்ணீர் தெறித்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ஏறுண்ணா. என் முதல் பாசஞ்சர் நீதான்."

மாலையும் கழுத்துமாக, சிரித்துக்கொண்டே ஏறினேன். சிரித்தவர்களுக்கு முன்பு என்ன நடந்தது என்பது அடுத்த திருப்பத்தில்தான் ஞாபகம் வந்தது.