இரண்டு வேலை நாள்

சாண்ட்விச் தட்டோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்த ஜேனிஸ், கதவருகே வந்ததும் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தட்டை நோக்கி நீண்டிருந்தது பெவர்லியின் கை. டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து, இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அந்தப் பக்கத்து ஜனத்தையெல்லாம் 'மாத்திரைக்கு ரெண்டு வேலை நாள் ஆகும்' என்று திருப்பி அனுப்பும் அதே பெவர்லி.

"உங்களை யாரு கூப்பிட்டா?"

"சாவுக்கு யாரும்மா கூப்பிட்டு வர்றாங்க? பேப்பர்ல பாத்தேன்."

"அனுப்பி வச்ச ஆளு ஒழுங்காப் போய்ச் சேந்தாரான்னு பாக்க வந்தீங்களாக்கும்."

பக்கத்து மேசையில் தேநீர்க் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

காலையில்தான் அப்பா வில்ஃபைத் தகனம் செய்துவிட்டு எல்லோரும் தொழிலாளர் மன்றத்தின் மாடியறைக்கு வந்திருந்தார்கள். ஹீட்டர் வழக்கம்போல வேலை செய்யவில்லை. யாரும் கோட்டைக் கழற்றவில்லை. அப்பா போய்ப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் ஜேனிஸ் பாதிரியாரிடமும் பூக்கடைக்காரியிடமும் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவனிடமும் ஒரே கதையைச் சொல்லியிருந்தாள். கிளினிக்கில் மருந்துச் சீட்டைத் தொலைத்தார்கள், இதய மாத்திரை வரவில்லை, அப்பா போய்விட்டார். சொல்லச் சொல்லக் கதை வழவழப்பாகிவிட்டது. பூக்கடைக்காரி அழுதேவிட்டாள்.

மாதா மாதம் மாத்திரையோடு ஒரு வெள்ளைச் சீட்டு வரும். அடுத்த மாதத்துக்கு வேண்டியதற்கு எதிரே டிக் அடித்து, கிளினிக் சுவரில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். போனில் சொன்னால் எடுபடாது; கம்ப்யூட்டரை வில்ஃப் தொடமாட்டார். டிக் அடிப்பதோடும் நிற்கமாட்டார். ஓரத்தில் பெவர்லிக்கு ஒரு வரி வசவு எழுதினால்தான் அவருக்குச் சீட்டு முழுமையாகும். 'மலச்சிக்கல் மருந்து வேண்டாம். உன் முகத்தை நினைத்தாலே போதும்.' அடுத்த சீட்டில் சிவப்பு மையில் பதில் வரும்: 'நாளுக்கு மூன்று வேளை நினைக்கவும்.'

"அந்த அம்மாவ வெளிய போகச் சொல்லு," என்றான் கிளைவ், பீர் கிளாஸோடு வந்து. ஜேனிஸின் தம்பி. அப்பா எத்தனை மாத்திரை போட்டார் என்று கேட்டால் விழிப்பான். துக்கத்தில் மட்டும் யாருக்கும் சளைக்கவில்லை. "எங்கப்பாவக் கொன்னுட்டு சாண்ட்விச் கேக்குதா?"

பெவர்லி அவனைப் பார்க்கவேயில்லை. "சீட்டு வரலைம்மா. பெட்டியை நானே கவுத்துப் பாத்தேன். அவரோட வசவு இல்லாம எனக்கு மாசமே விடியாது, தெரியாமப் போயிடுமா? செவ்வாக்கிழமை நேர்லயே வந்தாரு. புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன்னேன். மாட்டேன்னுட்டாரு."

"பொய். அவரு ஏன் மாட்டேங்கறாரு?"

பெவர்லி கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"'வெள்ளிக்கிழமை போட்டுட்டேன்னு என் பொண்ணு சொன்னா, போட்டதுதான். புதுசா எழுதினா அவ பொய் சொன்ன மாதிரி ஆயிடும். நீ தேடு'ன்னாரு. வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும் கத்தினாரு. அப்படியே போயிட்டாரு."

வியாழக்கிழமை காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

"நாந்தான் போட்டேன்! என் கையால போட்டேன்!" ஆத்திரத்தில் ஜேனிஸுக்கு மூக்கு ஒழுகியது. தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கைக்குட்டைக்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எடுக்கிற கறுப்புக் கோட்டு. நடுவில் ஒரே ஒரு தடவை, அலுவலகத்தில் ஒருத்தியின் ஓய்வு விருந்துக்குப் போட்டிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. அவசரம். அப்பா வாசலில் நின்று அவள் கையில் ஒன்றைத் திணித்தார்.

கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

நாலாக மடித்த காகிதம். பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, பிரித்தாள். ஆறு டிக். ஓரத்தில் நடுங்கும் எழுத்து: 'பெவர்லி, இந்த மாதமும் தாமதமானால் பேயாக வந்து உன் வரிசையில் நிற்பேன்.'

"என்னக்கா அது?" என்றான் கிளைவ்.

ஜேனிஸ் காகிதத்தை அவனுக்குக் காட்டாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

பெவர்லி கையை நீட்டினாள். கவுண்டரில் நீட்டுகிற அதே நீட்டல், அதே மரக்கட்டை முகம். "குடு."

ஜேனிஸ் கொடுத்தாள். பெவர்லி சீட்டைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி வாசித்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மறுபடி நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டு 'டக்'கென்று மூடினாள்.

"என்ன சீட்டு, கேக்கறேன்ல?" என்றான் கிளைவ்.

"கிளினிக் சமாசாரம்," என்றாள் பெவர்லி. "வெளிய சொல்லக் கூடாது."

பிறகு ஜேனிஸிடம், குரலைத் தாழ்த்தாமலே, "வந்து வரிசையில நிக்கட்டும். அவரா இருந்தாலும் ரெண்டு வேலை நாள்தான்."

ஜேனிஸ் ஜன்னல் திண்டிலிருந்து தட்டை எடுத்து நீட்டினாள். பெவர்லி ஹாம் இறைச்சி வைத்ததாக ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

தட்டு நீட்டியபடியே இருந்தது.