கடலுக்கென்று சேர்த்த புள்ளிகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு லிஃப்டுக்குள் கிடைத்தது. எங்கள் குடியிருப்பு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட, சரிசெய்ய வந்தவர் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே மாட்டியவர் பயந்துவிடாமல் இருக்க எதையாவது பேசியபடியே வேலை செய்வது அவர்கள் தொழில் வழக்கமாம். அவர் தன் வீட்டுக் கதையைப் பேசினார். ஆளை நான் பார்க்கவே இல்லை. ஆகவே இதில் வரும் முகங்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

‘கடலை நோக்கிய ஜன்னலருகே அவள் நின்றபோது...’ (வேண்டாம். அந்த அம்மா இன்னும் கடலையே பார்க்கவில்லை.)

‘புள்ளிகளைச் சேர்ப்பவன் காலத்தைச் சேர்க்கிறான்.’ (இப்படி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே வருகிறேன். லிஃப்ட்காரர் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர். அவரிடம் ஒரு விடுதிக் குழுமத்தின் கிரெடிட் கார்டு இருந்தது. அவர்கள் விடுதியில் தங்கினால் புள்ளி, கடையில் தேய்த்தாலும் புள்ளி. மளிகையிலிருந்து மாமியாரின் பல்செட் வரைக்கும் அதில்தான் தேய்த்தார். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே ‘பாயிண்ட்டு’ என்றாகிவிட்டது. எல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒரு படத்துக்காக. அதே குழுமத்தின் கடற்கரை விடுதி, ஒரு பால்கனி, இரண்டு நாற்காலி. மனைவியை ஒருநாள் அங்கே உட்கார வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

3

இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுமத்தில் ‘தங்க உறுப்பினர்’ என்ற தகுதி நிலைக்க, வருடத்துக்கு இத்தனை இரவு தங்கியிருக்க வேண்டும். வருடக் கடைசியில் ஓரிரு இரவு குறையும். உடனே பாயிண்ட்டு உள்ளூரிலேயே, பஸ் பணிமனைக்கு எதிரே இருந்த அவர்களுடைய மலிவு விடுதியில் காசு கட்டி அறை எடுப்பார்.*

மனைவி, மகளோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போவார்கள். எந்த ஊருக்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், மனைவி முகம் மாறாமல் “கொஞ்சம் தூரம்” என்பார். விடுதி வரவேற்பறையில் நுழைந்ததுமே மனைவி செருப்பைக் கழற்றிவிடுவார். இது நம்ம வீடு இல்லைம்மா என்று மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எப்போதும் நானூற்று ஏழாம் அறைதான். மகள் மெத்தையில் குதிப்பாள். பாயிண்ட்டு லிஃப்ட் கதவில் காதை வைத்து அதன் உடம்புக்கு என்னவென்று சொல்வார். பள்ளி ஆய்வகத்தில் தினமும் கண்ணாடிக் குடுவை கழுவுகிற மனைவி, அன்று ஒரு டம்ளரைக்கூடக் கழுவமாட்டார். ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் வரிசையாக நின்று குளிக்கும். விளக்கை அணைத்துவிட்டு மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். (எழுதும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் கடல் பார்த்திருக்கிறேன். குளிக்கிற பஸ்ஸை இப்படிப் பார்த்ததில்லை.)

* புள்ளியைக் கொடுத்தல்ல, கவனியுங்கள். மலிவு விடுதியில் புள்ளியைச் செலவழிப்பது அவருக்குப் பட்டுப்புடவையைக் கிழித்துக் கரித்துணியாக்குவதற்குச் சமம்.

4

மகள் வேலை கிடைத்து வேறு நாட்டுக்குப் போன பிறகு அந்த வீடு (இந்த வாக்கியத்தை எத்தனை முறை முயன்றும் முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

போன மாதம் கடலுக்கு வேண்டிய புள்ளி சரியாகச் சேர்ந்தது. கூடவே குழுமத்திலிருந்து இரண்டு செய்தி. கடற்கரை விடுதிக்குக் கேட்கும் புள்ளிக் கணக்கு விரைவில் ஏறப்போகிறது, இப்போது விட்டால் மறுபடி வருஷக்கணக்கில் சேர்க்க வேண்டும். பணிமனை விடுதியை மூடுகிறார்கள், கடைசி வாரம் பழைய உறுப்பினர்களுக்குப் புள்ளிக்கு மட்டுமே அறை, காசுக்குக் கிடையாது.

மனைவி நானூற்று ஏழில் இன்னொரு ராத்திரி தங்கணும் என்றார். பாயிண்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே ஒரு ராத்திரிக்குக் கழித்தாலும் கடல் போச்சு.

“அப்ப நான் உனக்குக் குடுத்த வாக்கு?”

“நான் எப்பங்க கடல் கேட்டேன்? படத்த ஒட்டினது நீங்க. நான் அந்த ரூமத்தான் கேக்குறேன்.”

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. யாராவது இவ்வளவு கச்சிதமாகப் பேசுவார்களா? லிஃப்டுக்குள்ளிருந்தே கேட்டேன். “இப்படியேதான் சொன்னா சார்,” என்றார். அப்போது அவர் குரல் கம்மியது. (இல்லை, அது நான் சேர்த்தது. அவர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.)

5

கடைசியில், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் பஸ் ஏறினார்கள். மனைவி பெட்டியையும் எடுத்துக்கொண்டார், எதற்கு என்று இவர் கேட்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, “நானூத்தி ஏழு காலியா இருக்கு. புள்ளியக் கழிச்சிடவா சார்?” என்றாள். பாயிண்ட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தாராம்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் சரியாகிவிட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. நான் படியில் இறங்கி ஓடி வருவதற்குள் அவர் அடுத்த கட்டிடத்துக்குப் போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்லிக் கடலுக்குப் போவதாக எழுதிப் பார்த்தேன். பால்கனி நாற்காலிகள் நன்றாகத்தான் இருந்தன, அவர்களுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. கழிக்கச் சொல்வதாகவும் எழுதினேன். அன்று பார்த்து ஒரு பஸ்கூடக் குளிக்க வரவில்லை, மெத்தையில் குதிக்கவும் ஆளில்லை. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

லிஃப்ட் கிளம்பும்போது காதில் விழுந்த கடைசி வார்த்தைகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. அவர் திரும்பிப் பார்த்தபோது மனைவி வரவேற்பறை நாற்காலியில், பெட்டியைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

இவர்கள் கடலுக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கிற வாசகர்கள், தயவுசெய்து நீங்களே போய் அந்த அம்மாவிடம் செருப்பை மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு மனசு வரவில்லை.