இருள்நாட்டுக்குப் போகும் பாலம்

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று சொந்தப் பற்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். கட்டிய பற்களின் மேல் வைக்கும் ஆணை செல்லாது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் எண்ணிக்கையைக் குறிப்பிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் நகரசபைத் தலைவர் தோளில் கருநீலப் போர்வை ஒன்றைப் பொருத்திக்கொண்டு கூட்ட அரங்குக்குள் நுழைந்தார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாள். பின்னாலேயே உறுப்பினர்கள் பதினேழு பேரும் ஆளுக்கொரு சாம்பல் போர்வையில் வியர்த்து ஒழுகியபடி வந்தார்கள். தையற்காரர் எல்லாவற்றையும் ஒரே அளவில் தைத்துத் தள்ளியிருந்ததால், சுகாதாரக் குழு அம்மா தன் போர்வையைத் தானே மிதித்து இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற நான், பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோலத்துக்குக் காரணம் ஒரு புத்தகம். டிராகன், சாபம் ஏறிய வாள், பேசும் காக்கை எல்லாம் வரும். ஐந்து பாகம், ஒவ்வொன்றும் தலையணைக்குச் சமம். பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் விற்பனை கூடிவிடும். தலைவர் பத்து வயதில் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோது அதைப் படித்தாராம். காமாலை இறங்கிவிட்டது, புத்தகம் இறங்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவர் கண்ணுக்குக் கண்டதெல்லாம் ஐந்து பாகம். எதிர்க்கட்சிக்காரர்கள் நிழற்படை. போன மழையில் சாக்கடைக்குள் ஓர் உடும்பு பிடிபட்டது. அதை டிராகன் குட்டி என்று பதிவேட்டில் ஏற்றி, கூண்டுக்குப் பக்கத்தில் தீயணைப்பு வண்டியைப் பதினொரு நாள் நிறுத்திவைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் உடும்பு ஓடிப்போயிற்று. ‘பறந்துபோயிற்று’ என்று எழுதி மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் கால்நடை மருத்துவர்.

தலைவரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; அவருக்கு ஒரு காலத்தில் காய்ச்சலாவது இருந்தது. அவருடைய ரசிகர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. வங்கிக் காசாளர், மருந்துக்கடைக்காரர், எனக்குப் பல் கட்டிய பல் டாக்டர், எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், தங்களை வாள்தோழர்கள் என்று அழைத்துக்கொண்டு அட்டைக் கேடயத்தோடு திரிந்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யாராவது சொன்னால், “ரெண்டாம் பாகத்துல வீரன் நாப்பது நாள் தண்ணியில்லாம நடந்தான்” என்று பதில் வரும். அந்த வீரனைக் குறை சொன்ன மளிகைக்கடைக்காரரின் கடைக்கு ஒரு வாரம் யாரும் போகவில்லை. தலைவரைக் குறை சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள்.

அன்றைய கூட்டத்தில் தலைவர், முதல் பாகத்தின் முன்பக்கம் மடித்து ஒட்டியிருக்கும் வரைபடத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார். ஆற்றுக்கு இந்தக் கரை ஒளிநாடு, அந்தக் கரை இருள்நாடு, நடுவில் ஒரு பாலம். மூன்றாம் பாகத்தில் வீரன் அந்தப் பாலத்தை உடைத்து ராஜ்ஜியத்தைக் காப்பாற்றுகிறான். ஆகவே நம் ஊர் ஆற்றின் மேல் உள்ள நடைபாலத்தையும் வியாழக்கிழமை அகற்றுவது என்று தீர்மானம். ஆட்சேபம் இல்லை. ஒருவர் மட்டும் போர்வையைக் கழற்றலாமா என்று கேட்டார்.

அக்கரையில் என் தங்கை இருக்கிறாள். அவளுடைய சிறுநீரகம் இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அந்தப் பாலத்தில் நடந்து வந்து, இக்கரை ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவாள். பாலத்தில் வந்தால் நானூறு அடி. சுற்றுவழியில் இரண்டு பஸ், மூன்று மணி நேரம். அவள் உடம்புக்கு அது நடக்கிற காரியமில்லை. ஒரு முறை தவறினால் மூச்சு முட்டும், இரண்டு முறை தவறினால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அவளை அழைத்துவரப் போனேன். பாலத்தின் வாயிலில் பல் டாக்டர் கேடயத்தோடு நின்றார்.

“நீங்க எந்தப் பக்கம்மா, ஒளியா இருளா?” என்றார் அவளிடம்.

“ஆஸ்பத்திரி பக்கம்” என்றாள். பிறகு குனிந்து தலையைக் காட்டினாள். “கொம்பு முளைச்சிருக்கான்னு பாத்துக்கங்க டாக்டர். பல்லு பாக்குற மாதிரி நல்லா கிட்ட வந்து பாருங்க.”

அவர் உண்மையிலேயே பார்த்தார்.

அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டு, அலுவலக அலமாரியிலிருந்து நான் போட்ட பழைய நகர வரைபடத்தை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதை தெரிந்த மனிதர், அதுதான் அருவருப்பு.

“தம்பி, அந்தப் புத்தகம் கதை, இந்தப் படம்தான் ஊரு. இதுல இருளும் இல்ல, ஒளியும் இல்ல. அக்கரையில என் தங்கச்சி வீடு இருக்கு. அந்தப் பாலம் போனா அவ உயிர் போயிடும்.”

“அக்கரையிலயும் நல்லவங்க இருப்பாங்க ஐயா, நான் இல்லேங்கல. நாலாம் பாகத்துல ஒருத்தர் வருவார், ரொம்ப நல்லவர்.”

“அவருக்கு என்ன ஆச்சு?”

“செத்துருவார். அந்த இடத்துல நான் இப்பவும் அழுவேன்.”

சொல்லிக்கொண்டே என் வரைபடத்தை வாங்கி, மேசையில் இருந்த புத்தகப் படத்துக்குப் பக்கத்தில் விரித்தார். அவர் விரல் இரண்டிலும் மாறி மாறி ஓடியது. ஆறு வளையும் இரண்டு இடம், பாலம், பாறை, குளத்தின் மூக்கு, எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன.

“பாத்தீங்களா ஐயா? இவ்வளவு நாள் எனக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்துச்சு, இன்னிக்குத் தீந்துச்சு. நம்ம ஊரைத்தான் எழுதியிருக்காங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே யாருக்கோ தெரிஞ்சிருக்கு. இந்தப் படத்தைப் போட்டவர் மனுஷன் இல்ல, தீர்க்கதரிசி. நீங்க என்ன நினைக்கிறீங்க?”

கேள்வி நேராக என்னிடம் வந்தது. ஒரு பதில் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் தலைவர் நம்பியிருப்பார். சொன்னது தங்கை காதுக்கும் போயிருக்கும்.

“கோடுங்க சுத்தமா இருக்கு” என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஒவ்வொரு பலகைக்கும் வாள்தோழர்கள் ஆரவாரம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, அவளுடைய முறை நாளில், நான் இக்கரையில் நின்றேன். ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கரைப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மச்சான் குடை பிடித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ பிடித்துவந்த பரிசல்காரனோடு விலை பேசுவதுபோல் தெரிந்தது. அவன் தலையைத் தலையை ஆட்டினான், வருகிறேன் என்றா, மாட்டேன் என்றா, தூரத்தில் தெரியவில்லை. தண்ணீர் அதிகமாகத்தான் ஓடியது.

“அண்ணே” என்று அவள் குரல் வந்தது. “அந்தப் படத்தைப் போட்டானே ஒருத்தன், அவன் கை விளங்காமப் போக.”

நான் வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இடது கையை ஆட்டினேன்.

அந்தப் புத்தக வரைபடத்தின் கீழ் மூலையில், பாறையின் நிழலுக்குள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் என் கையெழுத்து இருக்கிறது, பதிப்பகத்துக்குக் கூலிக்குப் படம் போட்ட காலத்தில் போட்டது; தங்கை கல்யாணப் பந்தலில் மச்சானோடு கைகலந்துவிட்டு வந்த அன்று மாலைதான் அக்கரைக்கு இருள்நாடு என்று பேர் எழுதினேன்.