பட்டினி போட்ட தொட்டி

விடுதிச் சமையலறையில் அவளை எல்லோரும் ‘வெந்நீர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். இப்போது கொல்லையில் இருந்த தொட்டி அவளை இன்னும் ஆட்டிவைத்தது.

மிச்சச் சோற்றையும் காய்த்தோலையும் போட்டால் வாயு வரும், அடுப்பு எரியும் என்று வார்டனிடம் அடித்துப் பேசி, வெல்டிங் வேலை பார்க்கும் தம்பியை வைத்து அவள்தான் அதைக் கட்டவைத்தாள். கொஞ்ச நாள் ஜோராக எரிந்தது. பிறகு தீ சோர்ந்து, அணைந்தே போனது. வாயு சேரச் சேர மேலே எழும்ப வேண்டிய இரும்பு டிரம் அமுங்கிக் கிடந்தது.

“நாத்தம் தாங்கல. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் மண்ணள்ளிப் போட்டு மூடிடுவேன்,” என்று சொல்லிவிட்டார் வார்டனம்மா.

தம்பி வந்து தொட்டி வாயில் குனிந்து முகர்ந்தான். புளித்த வாடை.

“அக்கா, தினம் எத்தனை வாளி போடுற?”

“நீ சொன்ன ஒண்ணுதான்.”

“என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு.”

“தீ குறைஞ்சுதா… பசிக்குதோன்னு கூடக் கொஞ்சம்…”

“கொஞ்சமா? விருந்தே வெச்சிருக்க! உள்ள இருக்கிற கிருமிங்க தின்னாத்தான் வாயு. அளவுக்கு மேல கொட்டினா எல்லாம் புளிச்சு, அதுங்க சுருண்டுடும்.” புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினான். “நான் சொல்ற வரைக்கும் ஒரு பருக்கை போடாத. சும்மா இரு.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான்!”

அந்த ஒரு வேலைதான் அவளுக்கு வராது. தேய்த்த அண்டாவையே திரும்பத் தேய்த்தாள். வெங்காயக் கூடையை இடம் மாற்றினாள், பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். ஒருநாள் மிச்சச் சோற்று வாளியோடு தொட்டி வரை போய்விட்டாள். கை பரபரத்தது. தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பி, வாளியைக் குப்பை வண்டியில் கவிழ்த்தாள்.

மாசக் கடைசியில் வார்டனம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்தார். வாடை இல்லை. டிரம் ஒரு முழம் எழும்பியிருந்தது.

சமையலறைக்கு வந்ததும் அவள் அடுப்புக் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதில் ‘பக்’கென்று நீலத் தீ பற்றியது.

“அடேயப்பா!” வார்டனம்மா மூலையிலிருந்த மிச்சச் சோற்று வாளியைத் தூக்கினார். “இதையும் கொட்டினா இன்னும் நல்லா எரியுமே!”

வெந்நீர் அக்கா பாய்ந்துபோய் வாளியின் பிடியைப் பற்றினாள்.

“அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”