கோச்சடை வாய்க்கால் கரையில் தொண்ணூறு மைல்

மலையாண்டிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் கூட்டம் ஆரம்பித்து, டீ வருவதற்குள்ளேயே இரண்டு காதும் சிவந்துவிட்டன.

சண்டைப்பட நாயகன் சந்திரவேலின் பிறந்தநாளுக்கு அவருடைய பழைய படம் ஒன்றைக் காலைக் காட்சியாகப் போட்டுத் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரே காட்சி, ஒரே படம். எது என்பதை ரசிகர் மன்றங்கள் பேசி முடித்துவிட்டு வரவேண்டும். மலையாண்டி கோச்சடை மன்றத்தின் செயலாளர். அவன் கேட்டது 'எமனை முந்து'. மேலூர் மன்றத்தின் தலைவர் பால்பாண்டி கேட்டது 'கொல்லிமலைக் கோட்டை'. இரண்டிலும் கார் துரத்தல் உண்டு. எந்தத் துரத்தல் பெரியது என்பதில்தான் சண்டை.

"மலைப்பாதைப்பா! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். ஜீப்புல பிரேக்கு இல்ல. தலைவரு கியர மாத்தி மாத்தியே எறக்குவாரு. ஒங்க படத்துல என்ன இருக்கு? வாய்க்கா கரையும் நாலு தென்ன மரமும்" என்றார் பால்பாண்டி.

"எங்க படத்துல வேகம் இருக்குண்ணே. தொண்ணூறு மைலு! முள்ளு தொண்ணூறத் தொடுறதக் காட்டுறாங்கள்ல?"

"எங்க வீட்டுக் கடியாரத்துலயுந்தான் முள்ளு இருக்கு."

கூட்டம் சிரித்தது. பால்பாண்டிக்குச் சிரிப்பு கிடைத்தால் விடமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "அதுல ஒரு கெழவன் வருவாம் பாரு, மாட்டப் பத்திக்கிட்டு. காரு முந்துதோ இல்லையோ, அந்தாளு எமனை முந்திருவான்!" என்று சொல்லி, குட்டைக் குட்டையாகக் காலை எடுத்துவைத்து, கழுத்தை வெடுக் வெடுக்கென்று வெட்டி, கோழி மாதிரி சைக்கிள்களுக்கு நடுவே ஓடிக் காட்டினார். மேலூர்க்காரர்கள் விசிலடித்தார்கள். கோச்சடைக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மலையாண்டி சிரிக்கவில்லை. அந்தக் கிழவர் அவனுடைய அப்பா மொக்கையன்.

அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. போட்டோ எடுத்துக்கொண்டதே கிடையாது. அவர் முகமும் உருவமும் உலகத்தில் எங்காவது மிச்சமிருக்கிறதென்றால் அந்தப் படத்தில், துரத்தலின் நடுவே, கண்மூடித் திறக்கும் நேரம் மட்டும்தான். அம்மா அன்னக்கொடி அதைப் பார்த்ததில்லை. அவளுக்குக் காட்டத்தான் மலையாண்டி இந்தப் படத்துக்காக மல்லுக்கு நிற்கிறான்.

அவர் எப்படிப் படத்துக்குள் வந்தார் என்பது தனிக்கதை. எழுபத்து நாலில் கோச்சடை வாய்க்கால் கரையில் ஷூட்டிங் நடந்தது. ஊரே வரப்பில் கூடி நின்றது. கேமராவைத் தாண்டி நாயகனின் ஹெரால்டு கார் வந்தபோது எல்லோருக்கும் சப்பென்று போய்விட்டது. டவுன் பஸ்கூட அதை முந்திக்கொண்டு போயிருக்கும். இது ஒத்திகை, நிஜமான ஓட்டம் இனிமேல்தான் என்று ஊர் முடிவுகட்டியது. ஒத்திகைதானே என்று மொக்கையனும் மாடுகளைப் பத்திக்கொண்டு கரையோரமாகத் தன்பாட்டுக்கு நடந்தார். சாயங்காலம் சினிமாக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். படம் வந்ததும் கார் பறந்தது. நாம் வீடு திரும்பிய பிறகு நிஜ ஓட்டத்தை எடுத்திருக்கிறார்கள் என்று கோச்சடை இன்றுவரை நம்புகிறது.

மலையாண்டிக்கு விஷயம் தெரியும். அவன் மைக்செட் கடையில் வேலை பார்ப்பவன். படம் என்பது அசையாத போட்டோக்களின் வரிசை. தியேட்டர் மிஷின் அவற்றை எப்போதும் ஒரே வேகத்தில்தான் ஓட்டும். எடுக்கும்போது கேமராவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் போட்டோக்கள் பாதிதான் விழும். திரையில் அவை பாதி நேரத்தில் தீர்ந்துபோகும். முப்பதில் வந்த கார் அறுபதில் வந்த மாதிரி தெரியும். தொண்ணூறு காட்டும் முள்ளைத் தனியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கேமராவுக்குக் காரென்றும் மனுஷனென்றும் பேதம் கிடையாது. கார் வேகமானால் கரையில் நடக்கிறவரும் கோழியாகிவிடுவார்.

தூரத்தில் வருகிற ஆளை நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். நடை மாறிப்போனதால் சொந்த ஊர்க்காரர்களுக்கே மொக்கையனை அடையாளம் தெரியவில்லை. மாட்டுக்குச் சமமாக, அசைபோடுகிற மாதிரி நடந்த மனுஷன் அவர். கம்பைப் பிடரியில் குறுக்கே போட்டு இரண்டு கையையும் அதன்மேல் தொங்கவிடும் தினுசைப் பார்த்துத்தான் மலையாண்டியே கண்டுகொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தலைவரின் தொண்ணூறு மைலும் சேர்ந்து போய்விடும்.

"செயலாளரே, எதுக்கு மொறைக்கிற? ஷூட்டிங்கக் கூட நின்னு பாத்த ஆளுதான நீ?" பால்பாண்டி சட்டைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். பிறந்தநாள் பூசைக்கு வாங்கியது. சுவரில் ஒட்டியிருந்த சந்திரவேல் படத்துக்குக் கீழே வைத்துக் கொளுத்தினார். "தலைவர் முன்னால கற்பூரத்த அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணு, ஒங்கண்ணு முன்னால காரு தொண்ணூறுல வந்துச்சுன்னு. மேலூரு விட்டுக்குடுத்துரும். ஒங்க படமே ஓடட்டும்."

"அடிடா மாப்ள!" என்றான் கோச்சடை மன்றத் தலைவன் விருமாண்டி.

மலையாண்டி கையை ஓங்கினான். உள்ளங்கையில் சூடு ஏறியது. ஓர் அடி அடித்தால் போதும், அம்மா படத்தைப் பார்த்துவிடுவாள். ஆனால் கார் தொண்ணூறில் வந்தது நிஜமென்றால் கரையில் போன கோழியும் நிஜம்தான்.

"அடிப்பா, கெழவன் காருக்கு முன்னாடி போயிச் சேர்ந்துருவான்" என்றது ஒரு மேலூர்க் குரல்.

"யார்ரா கெழவன்?" மலையாண்டியின் கத்தலில் டீக்கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். "அது எங்கய்யாடா! மொக்கையன்! எங்கய்யா அப்பிடி நடக்க மாட்டாரு. காரு முப்பதுலதான் வந்துச்சு. கேமராவ மெதுவா ஓட்டி நம்ம எல்லாரையும் ஏமாத்திப்புட்டாய்ங்க. முப்பத்துமூணுல போடவேண்டிய ரெக்கார்ட நாப்பத்தஞ்சுல போட்டா பாடுறவன் எலி மாதிரி கீச்சுன்னு கத்துறானா இல்லையா? அதேதான்! ஓடுனது எங்கய்யா இல்ல, மிஷினு!"

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது.

முதலில் பாய்ந்தது விருமாண்டிதான். "அடப்பாவி, நம்ம படத்த நீயே கவுத்துப்புட்டியேடா! தலைவரு முப்பதுலயா வந்தாரு? சும்மா சொன்னேன்னு சொல்லு. இப்பவே சொல்லு!" என்று சட்டையைப் பிடித்தான்.

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நீ செயலாளர் இல்ல."

"போடா, ஒம் மன்றமும் நீயும்." சட்டையை உதறியதில் இரண்டு பொத்தான் தெறித்தது.

 பால்பாண்டியின் முகம் மெல்ல மலர்ந்தது. "அண்ணமாருகளே, மேலூரு இப்ப ஒங்க படத்துக்கே சம்மதிக்கிது. 'எமனை முந்து' ஓடட்டும். மாட்டு வாலு எம்புட்டு வேகத்துல ஆடுதுன்னு நாங்க நூறு பேரு வந்து பாக்குறோம். தொண்ணூறு மைலு லட்சணத்த மதுரையே பாக்கட்டும்!"

மேலூர்க்காரர்கள் கைதட்டினார்கள். விருமாண்டியாலும் இனி மறுக்க முடியாது. கேட்ட படம் கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் மலையாண்டிக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைப் பார்க்க அம்மா வந்து உட்காருவாள். சுற்றி நூறு பேர் காத்திருந்து சிரிப்பார்கள். சைக்கிளை மிதித்த மிதியில் வழியில் இரண்டு முறை சங்கிலி கழன்றது.

அன்னக்கொடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். கேமரா, கார், பால்பாண்டி, கோழி, எல்லாம்.

"நீ வராத ஆத்தா. சிரிப்பாய்ங்க."

அவள் கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "எம்புட்டு வேகமாப் போறாரு?"

"அதான் சொன்னேன்ல, அது அவரு நடையே இல்ல. மிஷினு!"

"கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து கத்துனேன்டா, கொஞ்சம் எட்டி நடங்கன்னு. பஸ்ஸு போயிரும், பந்தி முடிஞ்சிரும், அவரு ஆடி அசைஞ்சு வருவாரு. ஒருநாளாச்சும் வெரசா நடந்தாரா?" அவள் குரலும் ஏறியது. செத்தவர்மேல் இருந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "எனக்கு அதப் பாக்கணும்."

"ஆத்தா, அந்த மேலூராளு விசிலடிப்பான்."

"அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினாள். "அவம் பக்கத்து சீட்ட எனக்குப் போடு."