நகருங்க அம்மிணி

நல்லுசாமி சார் நல்லவர். அதுதான் ஃபர்ஹீனுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கெட்டவராக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வேறு பயிற்சி நிலையம் பார்த்திருக்கலாம். இவர் கத்த மாட்டார், முகம் சுளிக்க மாட்டார், மத்தியானமானால் தன் காசில் எல்லோருக்கும் வடை வாங்கி வருவார். ஸ்க்ரூடிரைவரை மட்டும் கொடுக்க மாட்டார்.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்த நிலையம். ஆலை இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வயர் மாட்டவும், பழுது வந்தால் கண்டுபிடிக்கவும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ‘முழுக்க முழுக்க செய்முறைப் பயிற்சி’ என்று வாசலில் போர்டு. செய்முறை என்னவோ உண்மைதான். செய்தது முழுக்க சார். யாராவது ஒரு வயரைக் கையில் எடுத்து, எங்கே செருகுவது என்று ஒரு கணம் யோசித்தால் போதும், அவருக்கு விரல் அரிக்க ஆரம்பித்துவிடும்.

“நகருங்க அம்மிணி, நான் பண்றேனுங்க. நீங்க பார்த்துக்குங்க.”

சாரின் சொந்த ஊரான ஒட்டன்சத்திரத்து மரியாதை அது. அத்தனை மரியாதையாகக் கையிலிருந்து பிடுங்குகிற மனிதரை என்ன செய்வது? பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

சண்டையும் போட்டுப் பார்த்தாள். “சார், இன்னிக்கு நானே செய்றேன். தப்பா இருந்தா கடைசில சொல்லுங்க” என்றாள். “அதுக்கென்னங்க, தாராளமா” என்றவர், அவள் முதல் திருகைத் தொடுவதற்குள் “அதில்லீங்க, பக்கத்துது” என்று வயரை வாங்கிக்கொண்டார். அன்று பேகம்பூரில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போனாள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் யாரையாவது கடித்துவைத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

கொடைரோட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு வேலைக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும் என்று, அதன் இன்ஜினியர் சூசைராஜ் நேரில் வந்து சோதனை வைத்தார். ஃபர்ஹீனுக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். கிடைக்காவிட்டால் மாமாவின் தோல் மண்டியில் போன் எடுக்க உட்கார வேண்டியதுதான் என்று அத்தா சொல்லிவிட்டார். டிப்ளமோ முடித்தது அதற்கா?

சோதனை இதுதான்: சின்ன பெல்ட் ஒன்று ஓடும். அதன்மேல் வரும் அட்டைப்பெட்டி சென்சாருக்கு முன்னால் வந்ததும் பெல்ட் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு கோளாறை சூசைராஜ் ரகசியமாகச் செய்துவைப்பார்; கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் போன ரொனால்டு தயங்கினான். “தம்பி, அந்த நீல வயரைப் பாருங்க” என்றார் சார் பின்னாலிருந்து.

“சார், செத்த நேரம் சும்மா இருங்க” என்றார் சூசைராஜ்.

“இருக்கேனுங்க.”

இருந்தாரா? அடுத்து வந்த தமிழ்மதிக்கு வாயால் சொல்லக்கூடப் பொறுமையில்லை; கையே உள்ளே போய்விட்டது. சூசைராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஃபர்ஹீனின் முறை வந்தது. பெட்டி நிற்காமல் போய்க் கீழே விழுந்தது. மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். பெட்டி வந்ததும் சென்சாரின் விளக்கு எரிந்தது, பி.எல்.சி.யில் அதற்குரிய விளக்கு எரியவில்லை. ஆக, இடையில் எங்கோ அறுபட்டிருக்கிறது. தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது.

“நகருங்க அம்மிணி…”

எங்கிருந்துதான் அந்த வீம்பு வந்ததோ. மேசை டிராயரை இழுத்தாள். இத்தனை நாளும் சும்மா கிடந்த சிவப்புப் பூட்டை எடுத்தாள். மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டை மாட்டி, சாவியைச் சுடிதார் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“பூட்டுப் போட்ட ஆளத் தவிர வேற யாரும் பேனல்ல கைவைக்கக் கூடாதுன்னு மொத வாரம் பாடம் நடத்துனீங்கள்ல சார்? நான் போட்டுட்டேன். தொடாதீங்க.”

உயிர் போகாமல் இருக்க ஆலைகளில் வைத்திருக்கும் விதி அது. சார் ஒருநாளும் மீறாத விதியும் அது ஒன்றுதான். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஃபர்ஹீனுக்கு உறைத்தது. இதுவரை தோற்றால் பழிபோட ஒருவர் இருந்தார். இனி இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கழற்றியது தப்பான திருகு. “ஐயோ” என்று சார் முனகியது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் அதை முடுக்கிவிட்டு, மீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்தாள். இணைப்பு சரியாக இருந்தால் மீட்டர் ‘பீப்’ என்று கத்தும். ஒன்றில் மட்டும் சத்தம் வரவில்லை. இழுத்துப் பார்த்தால் வயர் கெட்டியாகத்தான் இருந்தது. திருகைக் கழற்றினாள். உள்ளே செம்பே படவில்லை. வயரின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைத்தான் திருகு கவ்விக்கொண்டிருந்தது. உறையைச் சீவி, செம்பை உள்ளே விட்டு முடுக்கினாள்.

பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டபோது பெல்ட் ஓடியது. பெட்டி வந்தது. நின்றது.

முதலில் கைதட்டியது நல்லுசாமி சார்தான். “நானும் இதைத்தானுங்க சொல்ல வந்தேன்” என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

“நீங்க சொல்ல வந்தத மத்தவங்க கேட்டுக்கிட்டாங்க சார்” என்றார் சூசைராஜ். “மில்லுல கூடவே நின்னு சொல்ல நீங்க வர மாட்டீங்கள்ல? அதான், இந்தப் புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்.”