இருபத்தைந்தாம் எலி

எனக்கு ஆஸ்துமா. தினமும் விழுங்கும் மாத்திரை மூச்சைச் சீராக்கும், கையை ஆட்டிவிடும். ஆய்வகத்தில் இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை நாத்தனாருக்குப் போய்விடும். அவளும் அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் மல்லுக்கட்டுவது போதாதா?

மூளையில் சுரக்கும் பெப்டைட் என்ற குட்டிப் புரதத்தைச் சில சுண்டெலிகளுக்கும், வெறும் உப்புத்தண்ணீரை மற்றவற்றுக்கும் அவள் ஊசியில் போடுவாள். பிறகு எல்லாவற்றுக்கும் நடுக்கத்தை வரவைக்கும் மருந்து. எதற்கு எது என்று எனக்குத் தெரியக்கூடாது. கண்ணாடிப் பெட்டியைக் கையில் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, நடுக்கத்துக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடுவேன். பெப்டைட் அந்த நடுக்கத்தை ஜெயித்தால் மருந்தால் கை நடுங்குகிறவர்களுக்கு விடிவுகாலம். முதல் ஆளாகக் கையை நீட்ட நான் தயார்.

ஆனால் இருபத்து நான்கு எலிக்கும் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு. ஒன்றுக்குக்கூட நடுக்கம் அடங்கவில்லை.

"நாலு வருஷ உழைப்பு, விழலுக்கு இறைச்ச தண்ணி," என்றார் புரொபசர். "இன்னையோட மூட்டை கட்டிடலாம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணி," என்று நாத்தனார் ஒரு பெட்டியை நீட்டினாள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல் முகம்.

தூக்கிப் பார்த்தேன். "ரெண்டு."

"அய்யய்யோ, இதுக்கு நான் எந்த ஊசியுமே போடலையே!"

"பொய் சொல்லாதடி! நடுங்குது பாரு, கண்ணு தெரியலையா?"

"மேஜையில வைங்க."

வைத்தேன். எலி சாவகாசமாக மீசையைத் துடைத்தது. எடுத்தேன், நடுங்கியது. வைத்தேன், நின்றுவிட்டது. புரொபசர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல டம்ளர் ஆடறத தினமும் பாக்கறேன் அண்ணி," என்றாள் நாத்தனார்.

அடிப்பாவி! அவளை அல்ல, என்னைத்தான் திட்டிக்கொண்டேன். எந்த மருந்துக்காக ஏங்கினேனோ, அதன் கழுத்தை என் கையே நெரித்திருக்கிறது.

"ஆஸ்துமா மாத்திரை, சார்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"கைதானே ஆடுது? கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர். "மேஜையில வச்சு நீயே பாரு."

அடுத்த வாரம் புதிதாக இருபத்து நான்கு எலிகள். எல்லாப் பெட்டியும் மேஜையில். முடிந்ததும் நாத்தனார் தன் நோட்டைப் பிரித்தாள். உப்புத்தண்ணீர் எலிகள் இரண்டு, மூன்று. பெப்டைட் எலிகள் பூஜ்யம், ஒன்று. புரொபசர் நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றினார்.

நோட்டின் கடைசி வரியையும் படித்தேன். "எலி 25: அண்ணி. நடுக்கம்: இரண்டு. பெப்டைட்: இன்னும் போடவில்லை."

அடிக்கக் கையை ஓங்கினேன். அது வழக்கம்போல ஆடியது. சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டாள்.